ஓருயிரணுவின் பல அடுக்குகள்: உடனளக்கும் முறையும் உரிய சொல்லும்

உயிரணு ஒன்றனுள் அமைந்த மூலக்கூறுகளைப் பல அடுக்குகளாகப் பகுத்துக் கொண்டு, அவ்வடுக்குகளுள் இரண்டையோ மூன்றையோ அதே உயிரணுவில் ஒருசேர அளந்தறியும் முறைகள் 2015-ஆம் ஆண்டினை ஒட்டி உயிரியலில் தோன்றி வளர்ந்துள்ளன. 2019-ஆம் ஆண்டிற்குரிய சிறந்த முறையாக ‘நேச்சர் மெதட்ஸ்’ என்னும் ஆய்விதழ் இவற்றையே தேர்ந்தது. இம்முறைகள் இன்னவென விளக்குதலும், அவற்றைத் தமிழில் எழுதுங்கால் நேரும் ஒரு பொருள் மயக்கத்தைச் சுட்டி அதனை நீக்க வழி காணுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாய்விதழில் இப்பொருள் எற்றுக்கு என வினவுவார் இருக்கலாம். அறிவியல் துறையார் ஒரு புதுக்கருத்தைத் தமிழில் எழுதப் புகும்போது சொல் வேண்டித் தமிழ்த் துறையின் வாயிலையே நாடுகின்றனர். வேற்றுமொழிச் சொல்லைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றற்கும் நேரான தமிழ்ச்சொல்லைக் கோத்துக் கொடுத்தனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. செயல் நிகழும் முறையை அறியாது ஆக்கிய சொல், பொருளை விளக்குவதற்கு மாறாக அதனை மறைக்கும். கொங்கு நாட்டார்க்கு இதில் தனிப்பொறுப்பும் உண்டு. அறிவியலைத் தமிழிற் பரப்பிய ‘கலைக்கதிர்’ கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்தது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியரான பெரியசாமித் தூரன் ஈரோட்டுப் பக்கத்தவர்.

கரும்பும் உயிரணுவும்

தகடூர் அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்னும் செய்தியைப் புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் குறிக்கின்றார். அச்செய்தியின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், கரும்பினை உயிரணு அளவில் ஆராயும் பணி இந்தியாவில் வேரூன்றியது கொங்கு நாட்டில் என்பதில் ஐயமில்லை. 1912-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப் பெற்றது. அங்குப் பார்பரும், அவர்க்குப் பின் டி. எஸ். வெங்கட்டராமனும் கலப்பினப் பணியை நடத்தினர். ‘வெள்ளை’ என வழங்கிய இனிப்புக் கரும்பினையும், கோயம்புத்தூர்ப் பகுதியில் தானே முளைத்து வளரும் நாணற் சாயலுடைய காட்டுக்கரும்பினையும் கலந்து பெற்ற ‘கோ 205’ என்னும் இனம் 1918-ஆம் ஆண்டு உழவர்க்கு வழங்கப்பட்டது. ‘கோ’ என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. அவ்வெழுத்தைத் தாங்கிய கரும்பினங்கள் வடநாட்டு வயல்களிலும் பரவின.

அந்நிலையத்தில் 1934 முதல் 1939 வரை பணியாற்றியவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியிற் பிறந்து, 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றவர். கரும்பின் வேர்நுனியையும் மகரந்தத் தாய் உயிரணுக்களையும் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, உயிரணு உயிரணுவாகக் குரோமோசோம்களை எண்ணுதல் அவர் துறையினரின் அன்றாடப் பணி. இனிப்புக் கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள. காட்டுக்கரும்பிலோ, வட்டாரத்திற்கேற்ப 40 முதல் 128 வரை எண்ணிக்கை வேறுபடும். கோயம்புத்தூர் வகைக்கு 64. இவ்வேறுபாட்டை ஒரு படி இலையையும் தண்டையும் இடித்துப் பிழிந்து காண முடியாது. ஓர் உயிரணுவை அதன் எல்லைக்குள்ளேயே வைத்து நோக்கினாலன்றி எண் கிட்டாது. பின்னர் 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூல் இவ்வகை எண்ணிக்கையின் மேலேயே எழுந்தது.

ஆக, ஓருயிரணு ஆய்வு கோயம்புத்தூர்க்குப் புதிதன்று. ஆயின் அந்நாளில் ஓருயிரணுவில் அறியக்கூடியது ஓர் அடுக்கு மட்டுமே. அதுவும் குரோமோசோம்களின் தொகையும் வடிவமுமே. அவற்றில் எழுதப்பட்டிருப்பது யாதென அறிய வழியில்லை.

அதனை அறியும் வேதியியல் முறைகள் பின்னர் வந்தன; வந்தபோது உயிரணுவைக் கைவிட்டே வந்தன. மூலக்கூறுகளைப் படிக்கும் கருவிகட்குப் பொருள் மிகுதியாக வேண்டியிருந்தமையால், இலட்சக்கணக்கான உயிரணுக்களை ஒன்றாகக் கரைத்து, அக்கரைசலை அளந்தனர். கவுந்தப்பாடிப் பக்கத்தில் நாட்டுச்சர்க்கரை காய்ச்சுவோரை நினைவு கொள்க. ஆலையிலிட்டுப் பிழிந்த பல கரும்புகளின் சாறு ஒரே கொப்பரையில் விழுகின்றது. கொப்பரைச் சாற்றின் இனிப்பை அளந்து ஓர் எண்ணைக் கூறலாம், அவ்வெண் பொய்யன்று. எனினும் அடிக்கரும்பு முதலில் முற்றி இனிப்பேறும் என்பதும், நுனிக்கரும்பு பிந்தும் என்பதும் அவ்வெண்ணில் இல்லை. விளைந்த கரும்புகளோடு விளையாத சில கலந்தனவா, எல்லாம் நடுத்தரமாகவே விளைந்தனவா என்பதையும் அவ்வெண் கொண்டு உணர முடியாது. சராசரி என்பது அளவுதான்; ஆனால் எதன் அளவு என வினவின், கொப்பரையின் அளவு என்றே விடை கூறல் வேண்டும்.

கரும்பிற்கே இவ்வினா இன்று கூர்மையாக எழுந்துள்ளது. ரீயூனியன் தீவில் உருவாக்கப்பட்ட ‘ஆர் 570’ என்னும் கரும்பின் மரபுத்தொகுதி 2024-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. மனிதனின் ஒற்றை மரபுத்தொகுதி ஏறத்தாழ 310 கோடி எழுத்துகளால் ஆயது. இக்கரும்பினுடையதோ ஏறத்தாழ 1000 கோடி எழுத்துகள். ஒரே மரபணுவிற்கு ஒவ்வோர் உயிரணுவிலும் பல படிகள் இருத்தலே இப்பெருக்கத்திற்குக் காரணம். அப்படிகளுள் எது தண்டின் சர்க்கரை சேமிக்கும் உயிரணுவிற் பேசுகின்றது, எது அடங்கிக் கிடக்கின்றது, அடங்கியதற்கு அதன் மேலமைந்த வேதியியற் குறி காரணமா என்பனவெல்லாம் பல அடுக்குகளை ஒரே உயிரணுவிற் பார்த்தாலன்றித் தெளிவுறா.

அடுக்கு என்பது யாது

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நெடுஞ்சரம் உளது. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட அச்சரம் முதலடுக்கு. அச்சரத்தின் சில எழுத்துகளின் மேல் மெத்தில் என்னும் சிறு வேதிக்கூட்டம் ஏறியிருக்கும். எழுத்து மாறாது, அதன் ஆட்சி மாறும். இது இரண்டாவது அடுக்கு. சரம் புரதவுருளைகளிற் சுற்றப்பட்டுக் குரோமாட்டின் எனும் நிலையில் இருத்தலின், சில இடங்கள் இறுகியும் சில திறந்தும் இருக்கும். திறப்பும் மூடலும் பிறிதோர் அடுக்கு. திறந்த இடத்து மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ., அப்படியைப் பார்த்து உருவாகும் புரதம் என்பன அடுத்தடுத்து அமைந்தவை.

மூலம், படி, உரை என்னும் வரிசையோடு இவற்றை ஒப்பிட்டு நோக்குதல் தமிழ் பயில்வார்க்கு எளிது. ஏட்டில் மூலம் மாறாதிருப்பவும், எப்பகுதி படியெடுக்கப்பட்டது, எதற்கு உரை எழுந்தது என்பன காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப வேறுபடுதல் போல, ஒருவர் உடலின் கண்ணுயிரணுவும் கல்லீரலுயிரணுவும் பெரும்பாலும் ஒரே மூலத்தைக் கொண்டனவாயினும் படியிலும் உரையிலும் வேறுபடுகின்றன. ஒப்புமை இவ்வளவிற்குப் பொருந்தும். உரையாசிரியர் மூலத்தை மாற்றும் அதிகாரம் உடையவரல்லர். உயிரணுவிலோ புரதங்களே திரும்பச் சென்று டி.என்.ஏ.யைத் திறக்கவும் மூடவும் செய்கின்றன. எனவே அடுக்கு என்னும் சொல்லால் மேலிருந்து கீழிறங்கும் ஒருவழிப் போக்கைக் கொள்ளலாகாது.

படியின் அளவைக் கொண்டு புரதத்தின் அளவைக் கூறிவிடலாம் என ஒருகாலத்தில் எண்ணினர். அளந்து பார்த்த இடங்களில் இரண்டும் பலபோது ஒத்துவரவில்லை. ஆர்.என்.ஏ. விரைவிற் சிதையும், புரதம் நாட்கணக்கிலும் நிலைக்கும். ஓரடுக்கை அளந்து மற்றோரடுக்கை ஊகித்தல் போதாமையின் காரணம் இதுவே.

சிறுமையை வெல்லுதல்

மனித உயிரணு ஒன்றில் உள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ 6 பிக்கோகிராம். ஒரு கிராமை இலட்சம் கோடி கூறிட்டால் ஒரு கூறு ஒரு பிக்கோகிராம். ஒவ்வொரு மரபணுவிற்கும் பொதுவாக இரண்டே படிகள் உள. கைதவறி ஒன்று அழிந்தால் பாதி போயிற்று; பிறிதோரிடத்திலிருந்து மீட்க இயலாது. எனவே எந்த முறையாயினும் முதலிற் செய்வது பெருக்குதல். பெருக்கும்போது சில மிகையாகவும் சில குறைவாகவும் பெருகும். இத்தடையைக் கடந்து ஓருயிரணுவின் ஆர்.என்.ஏ. முழுவதையும் வரிசைப்படிப்பு முறையால் முதன்முதல் படித்தவர் 2009-இல் டாங் முதலியோர். எலியின் தொடக்கநிலைக் கருவுயிரணுவை அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

ஒன்றிரண்டு உயிரணு ஆயிரமாயிரமாகப் பெருகியது குறிச்சரம் என்னும் உத்தியால். 2015-இல் வெளிவந்த ‘டிராப்-சீக்’ முறையில், எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளுள் ஓர் உயிரணுவும் ஒரு மணியும் ஒன்றாய் அடைபடுகின்றன. மணியின் மேல் 12 எழுத்து நீளமுள்ள குறிச்சரம் ஒட்டப்பட்டிருக்கும். நான்கெழுத்துகளால் 12 இடங்களை நிரப்பும் வகைகள் 1,67,77,216. எனவே இரு மணிகள் ஒரே குறியைப் பெறுதல் அரிது. துளியினுள் உயிரணு உடைந்து, அதன் ஆர்.என்.ஏ. அனைத்தும் அம்மணியின் குறியைத் தாங்கிக் கொள்கின்றன. பின்னர் எல்லாத் துளிகளையும் ஒன்றாய்க் கலந்து படித்தாலும், எந்தப் படி எந்த உயிரணுவிற்கு உரியது என்பதைக் குறி காட்டிவிடும். ஒவ்வொரு மூலக்கூற்றிற்கும் தனியே 8 எழுத்துக் குறி ஒன்று சேர்த்தலால், பெருக்கத்தால் விளைந்த போலிப்படிகளையும் கழித்துவிடலாம்.

துளியே இன்றியும் குறியிடலாம். உயிரணுக்களை உடைக்காது பதப்படுத்தி, 96 குழிகளிற் பகிர்ந்து, குழிக்கொரு குறியிட்டு, யாவற்றையும் கலந்து, மீண்டும் 96 குழிகளிற் பகிர்ந்து, இவ்வாறு மும்முறை செய்தால் 8,84,736 குறிக்கோவைகள் கிடைக்கும். ஓர் உயிரணு சென்ற வழியே அதன் பெயராகி விடுகின்றது. ஊர், தெரு, வீடு என மூன்றையும் கூறி ஒருவரை அடையாளங் காட்டுதல் போன்றது இது. நம் கருத்தில், இத்துறையின் அழகிய உத்தி இதுவே.

இரு தீமைகள் இவ்விரு முறைகளிலும் உள. ஒரு துளியில் இரண்டு உயிரணு அடைபடின் இரண்டும் ஒன்றெனக் கணக்கிடப்படும். இதன் அளவை அறிய மனித உயிரணுவையும் எலியினுடையதையும் வேண்டுமென்றே கலந்து, ஒரே குறியில் இரண்டும் தோன்றும் விழுக்காட்டைக் காண்பர். மற்றது, உள்ள ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளுள் ஒரு சிறு பகுதியே பிடிபடுதல். எனவே அட்டவணையிற் சுழியம் எனக் காணப்படுவது இன்மையா, காணாமையா எனத் துணிய முடியாது. ஏட்டுச்சுவடி பார்த்தார்க்கு இவ்விடர் புதிதன்று: இடைவிட்ட இடத்தில் பாட்டே இல்லையா, செல்லரித்ததா என்பது பதிப்பாசிரியரின் பழைய வினா.

ஒருசேர அளத்தல்

இனி இரண்டு அடுக்குகளை ஒரே உயிரணுவில் அளக்கும் வழிகளைக் காண்போம். நேரிய வழி பிரித்தல். 2015-இல் மெக்காலே முதலியோர் வெளியிட்ட ‘ஜி அண்டு டி-சீக்’ முறையில், உயிரணுவை உடைத்தபின், ஆர்.என்.ஏ.யின் வாற்பகுதியைப் பற்றும் காந்தமணிகளை இடுவர். காந்தத்தால் இழுத்தால் ஆர்.என்.ஏ. ஒருபுறம் ஒதுங்கும், டி.என்.ஏ. நீரில் எஞ்சும். இரண்டையும் தனித்தனியே பெருக்கிப் படிப்பர். ஒவ்வோர் உயிரணுவிற்கும் ஒவ்வொரு குழி வேண்டுதலின் இம்முறையால் இலட்சக்கணக்கில் அளத்தல் இயலாது. ஆயினும் மூலத்தில் நேர்ந்த ஒரு மாற்றம் படியில் என்ன செய்தது என்பதை அதே உயிரணுவிற் கண்கூடாகக் காட்டியது. 2016-இல் இதே பிரிப்பினைக் கொண்டு மெத்தில் அடுக்கையும் ஆர்.என்.ஏ. அடுக்கையும் சேர்த்து அளந்தனர்.

இதனினும் நுட்பமானது குறிமாற்றம். படிக்கும் கருவிக்கு டி.என்.ஏ. எழுத்தொன்றே தெரியும், ஆதலால் பிற அடுக்குகளின் செய்தியையும் அவ்வெழுத்தாகவே மாற்றித் தருதல் வேண்டும். மெத்தில் ஏறிய எழுத்தை எவ்வாறு காட்டுவது? பைசல்பைட்டு என்னும் வேதிப்பொருளை இட்டால், மெத்தில் ஏறாத ‘சி’ எழுத்து மாறி ‘டி’ எனப் படிக்கப்படும்; ஏறியது ‘சி’யாகவே நிற்கும். மாறாமையே ஈண்டுக் குறியாயிற்று. 2018-இல் வெளிவந்த ‘என்.எம்.டி.-சீக்’ முறையில் மேலும் ஒரு படி சென்றனர். இயற்கையில் மெத்தில் ஏறும் இடம் ஒருவகை. அதற்கு வேறான இடங்களில் மட்டும் மெத்தில் ஏற்றும் ஒரு நொதியை உட்கருவினுட் செலுத்தினர். குரோமாட்டின் திறந்துள்ள இடத்திலேயே அந்நொதி நுழைய இயலும். ஆகவே பின்னர்ப் பைசல்பைட்டு இட்டுப் படிக்கையில், ஒருவகை இடத்துக் குறி இயற்கை மெத்திலையும், மற்றொருவகை இடத்துக் குறி திறப்பினையும் காட்டும். ஒரே சரத்தில் இரண்டு செய்திகள். அவற்றோடு பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.யும் சேர மூன்று.

புரதத்தைப் பெருக்கும் வழி இல்லை. அதனால் 2017-இல் ஸ்டோக்கியஸ் முதலியோர் ‘சைட்-சீக்’ என்னும் முறையால் புரதத்தையும் எழுத்தாக்கினர். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் சென்று பற்றும் எதிர்ப்பொருள் ஒவ்வொன்றன் முதுகிலும் ஒரு டி.என்.ஏ. சீட்டு ஒட்டப்படும். உயிரணுவின் மேற்பரப்பில் எத்தனை புரதம் உளதோ அதற்கேற்ப அத்தனை சீட்டுகள் தங்கும். துளியினுள் ஆர்.என்.ஏ.யோடு சீட்டுகளும் அதே குறிச்சரத்தைப் பெறும். முதலில் 13 புரதங்களை அளந்தனர். 2021-இல் வெளியான குருதி உயிரணு ஆய்வு 228 எதிர்ப்பொருள்களைக் கையாண்டது. சீட்டு ஒட்டாத புரதத்தை இம்முறை அறியாது. ஆய்வாளர் முன்னமே பட்டியலிட்டதை மட்டும் எண்ணிக் கூறும், ஆர்.என்.ஏ. அடுக்கிலோ எதிர்பாராததும் தோன்றும். இரண்டும் ஒரே அட்டவணையில் அருகருகே நிற்றலின் இவ்வேறுபாடு எளிதில் மறக்கப்படுகின்றது.

குரோமாட்டின் திறப்பை அறியப் பெரிதும் பயன்படுவது, திறந்த இடத்தில் வெட்டி அங்கே ஒரு குறியைச் செருகும் நொதியாகும். அதனை ஆர்.என்.ஏ. அளவையோடு இணைத்த முறைகளுள் 2020-இல் வெளிவந்த ‘ஷேர்-சீக்’ குறிப்பிடத்தக்கது. எலியின் தோலில் மயிர் முளைக்கும் இடத்தை ஆராய்ந்தபோது, சில மரபணுக்களைச் சூழ்ந்த குரோமாட்டின் முதலில் திறந்து, அதன் பின்னரே ஆர்.என்.ஏ. எழுகின்றது என்பது தெரியவந்தது. திறந்தும் பேசாத இடைநிலையை ஓருயிரணுவிலேயே கண்டமையால் இம்முடிபு கிட்டியது. திறப்பை ஒரு தொகுதியிலும் ஆர்.என்.ஏ.யை மற்றொரு தொகுதியிலும் அளந்திருந்தால், முன்பின் முறைமையை ஊகமாகவே கூறியிருப்பர்.

உடனளத்தலும் இணைத்துக் கணித்தலும்

இங்குத்தான் நாம் கருதும் மயக்கம் தோன்றுகின்றது. உடனளத்தல் செலவு மிக்கது. தரமும் சில வேளை குறையும். ஆதலின் ஓர் உறுப்பிலிருந்து எடுத்த உயிரணுக்களுட் சிலவற்றில் ஆர்.என்.ஏ.யையும், வேறு சிலவற்றில் குரோமாட்டின் திறப்பையும் அளந்து, ஒத்த தன்மையுடையவற்றைக் கணிப்பொறியால் இணையாக்கி, ஓருயிரணுவின் ஈரடுக்கு போலக் காட்டுவதும் பெருவழக்காயுள்ளது. 2019 முதலாக இதற்குச் சிறந்த கணிப்புநெறிகள் பல வந்துள்ளன. அவற்றால் விளையும் பயனை நாம் மறுப்பதில்லை. ஆயின் அக்கணிப்பு, திறந்த மரபணு பேசும் என்பது போன்ற ஒரு கொள்கையை முன்னமே ஏற்றுக்கொண்டு இணையைத் தேடுகின்றது. அவ்வாறு கிடைத்த இணையைக் காட்டி, திறந்த மரபணு பேசுகின்றது என நிறுவப் புகுந்தால், கொண்டதே முடிபாகத் திரும்பி வரும்.

பதிப்புத் துறையில் இதற்கு நிகரானதொன்றை நாம் நன்கு அறிவோம். மூலமும் உரையும் ஒரே சுவடியில் அமைந்திருப்பின், அவ்வுரைகாரர் கொண்ட பாடம் இதுவெனத் துணியலாம். மூலம் மட்டும் உள்ள ஒரு சுவடியையும், உரை மட்டும் உள்ள வேறொரு சுவடியையும் சேர்த்து அச்சிட்டால், உரை எந்தப் பாடத்தைத் தழுவியது என்பது பதிப்பாசிரியரின் ஊகம். ஊகம் நன்றாயிருக்கலாம், எனினும் அது ஊகமெனக் குறித்தல் வேண்டும். 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் சுவடிகள் வேறுபட்ட இடங்களைக் குறித்துக் காட்டியமை பின்வந்த ஆய்வாளர்க்கு எத்துணைத் துணையாயிற்று என்பதைக் கூற வேண்டுவதில்லை.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு நம் எல்லையிலுள்ள நீலகிரியே சான்று. அரிவாள் உயிரணுச் சோகைக்குரிய மரபுக்கூறு இந்தியாவில் உண்டென்பதை 1952-இல் லேமனும் கட்புஷும் முதன்முதல் கண்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடத்து. ஈமோகுளோபின் மரபணுவில் ஓரெழுத்து மாறியதால் வரும் நோய் இது. குழந்தை கருவிலிருக்கும்போது வேறொரு ஈமோகுளோபின் உருவாகின்றது. பிறந்தபின் அது பெரும்பாலும் அடங்கிவிடும். அதனை மீண்டும் எழுப்பினால் நோய் தணியும். அதனை அடக்கும் மரபணுவிற்குரிய ஒரு திறப்பிடத்தை வெட்டிச் செயலறச் செய்யும் மருத்துவம் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

இம்மருத்துவத்தில் எல்லா உயிரணுக்களும் ஒரே வகையில் வெட்டுண்பதில்லை. சிலவற்றில் இரு படிகளும், சிலவற்றில் ஒன்றும் வெட்டப்படும், சில தப்பும். நோயாளியின் குருதியிற் கருக்கால ஈமோகுளோபின் இத்தனை விழுக்காடு எனச் சராசரி கூறினால் போதாது. சில சிவப்பணுக்களில் மிகுதியாகவும் பிறவற்றில் இல்லாமலும் இருப்பின், இல்லாதவை அரிவாள் வடிவெடுத்துச் சிதையும். எல்லாவற்றிலும் பரவலாக இருப்பின் காக்கும். சராசரி இரண்டிற்கும் ஒன்றாகவே இருத்தல் கூடும். வெட்டியதும் எழுந்ததும் ஒரே உயிரணுவிலா என அறிதற்கு டி.என்.ஏ. அடுக்கையும் பிற அடுக்கையும் உடனளத்தல் வேண்டும். முதிர்ந்த சிவப்பணுவில் இவ்வளவை செல்லாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அதற்கு உட்கருவே இல்லை. மூலம் போய்ப் புரதம் மட்டும் எஞ்சிய உயிரணு அது. தகடூர் யாத்திரை நூலாகக் கிட்டாது, புறத்திரட்டிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட சில பாட்டுகளாகவே எஞ்சியது போன்ற நிலை என்னலாம். முதிர்வதற்கு முன்னைய நிலையிலுள்ள உயிரணுக்களை எடுத்தே அங்கு அளக்க வேண்டும்.

உரிய சொற்கள்

மேற்கூறியவற்றைக் கருதிச் சில சொற்களை முன்வைக்கின்றோம். உயிரணு என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘செல்’ எனவும், இலங்கைப் பாடநூல்கள் ‘கலம்’ எனவும் வழங்குகின்றன. மூன்றனுள் எதனையும் விலக்க வேண்டுவதில்லை. ஒரு கட்டுரையினுள் ஒன்றே வருதல் போதும். ‘ஓமிக்ஸ்’ என்னும் ஈற்றினைத் தமிழாக்குதற்கு மயங்குவதினும், அளக்கப்படும் அடுக்கின் பெயரையே கூறுதல் நன்று: ஆர்.என்.ஏ. அடுக்கு, புரத அடுக்கு என வரும்.

இன்று எழுதப்படும் தமிழ்க் குறிப்புகளில் ‘ஒருங்கிணைந்த பன்னடுக்கு ஆய்வு’ போன்ற தொடர்கள் இருபொருள்பட ஆளப்படுகின்றன. ஒரே உயிரணுவில் அளந்ததையும் அத்தொடர் குறிக்கின்றது. வெவ்வேறு உயிரணுக்களில் அளந்து கணிப்பொறியால் இணைத்ததையும் குறிக்கின்றது. முன்னதற்கு ‘உடனளவை’ எனவும், பின்னதற்கு ‘இணைகணிப்பு’ எனவும் வழங்கலாம். ‘உடன்’ என்னும் சொல் காலவொருமையையும் இடவொருமையையும் சேர உணர்த்தவல்லது. உடன்பிறப்பு, உடனுறைவு என்பவற்றை நோக்குக. ‘கணிப்பு’ என்னும் சொல் அளவையின் உறுதி அதற்கில்லை என்பதைத் தானே காட்டும். அவ்வாறே அட்டவணையிலுள்ள சுழியத்தை ‘இன்மை’ என எழுதாது ‘காணாமை’ என எழுதுதல் தகும்.

இன்னும் ஒன்று. கரும்பு முதலிய பயிர்களின் உயிரணுவைச் சுற்றித் தடித்த சுவர் உளது. நொதிகளால் அச்சுவரைக் கரைத்து உயிரணுவை வெளிக்கொணர நெடுநேரம் ஆகும். அதற்குள் அக்கரைப்பிற்கே எதிர்வினையாக ஆர்.என்.ஏ. அடுக்கு மாறத் தொடங்கிவிடும். ஆதலால் தாவரத்தை நறுக்கி உட்கருவை மட்டும் பிரித்தெடுத்து அளப்பதே பலர் கொள்ளும் வழி. உட்கருவில் ஆர்.என்.ஏ.யின் ஒரு பகுதியே கிட்டும். மேற்பரப்புப் புரதம் சுவரோடு போய்விடுதலின் சைட்-சீக் போன்ற அளவைக்கு இடமே இல்லை. இத்தகைய ஆய்வையும் ‘ஓருயிரணு ஆய்வு’ என்றே தலைப்பிட்டு வெளியிடுகின்றனர். தமிழில் எழுதுவோர் அதனை ‘ஓருட்கரு உடனளவை’ எனப் பிரித்தே வழங்குதல் வேண்டும்.